இரண்டு நாள் கிரிப்டோ வகுப்பு, 1,500 ரூபாய்: தாயக்கட்டை உருட்டிப் புரிந்துகொண்ட பிளாக்செயின்

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டி, ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த கிரிப்டோ வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டணம் 1,500 ரூபாய். முழுக்கத் தமிழில்தான் நடத்துகிறார்கள். எந்தக் காயினை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று சொல்லித்தரும் இடம் இல்லை இது. பிட்காயின், பிளாக்செயின், வாலட், கேஸ், ஸ்டேக்கிங் என்று தினமும் காதில் விழுகிற சொற்களுக்கு என்னதான் பொருள் என்று மட்டும் சொல்லித்தருகிறார்கள். என் கணக்கில் முதல் நாளுக்கு முழு மதிப்பெண், இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் பாதி. நடத்துகிறவர்கள் சின்ன அளவில் செய்கிறார்கள், நான் குறைகளும் சொல்லப்போகிறேன், அதனால் பெயரைப் போடவில்லை.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலியார்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ஆப்பில் 1,80,000 ரூபாய் கட்டினார். "ஸ்டேக்கிங் பண்ணிட்டா தினமும் ஒரு பர்சன்ட் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதம் திரையில் தொகை ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாதம் எடுக்கப் போனபோது "கேஸ் கட்டணம்" என்று 12,000 கேட்டார்கள், அதையும் கட்டினார், பிறகு ஆப்பே திறக்கவில்லை. அவர் என்னிடம் வந்தபோது நான் பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பி வந்தார். ஸ்டேக்கிங் என்றால் என்ன என்று அவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மனுஷன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். எங்கள் தொகுப்பில் 16 பேர். லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நெல்லித்தோப்பில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், வீராம்பட்டினத்திலிருந்து கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண். சொல்லித்தந்தவர் முப்பத்தைந்து வயது இருக்கும், சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் மேடம் என்றோம், அவர் வயதுக்குத் தக்கபடி சார், அக்கா, தம்பி என்று கூப்பிட்டார். நடுவில் ஒரு தடவைகூட "இது சிம்பிள்தான்" என்று சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

முதல் ஒரு மணி நேரம் வரலாறு. 2008 அக்டோபர் 31 அன்று சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர், அல்லது சிலர், ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள், 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் பிளாக் உருவானது, அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. 2010 மே 22 அன்று அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்த கதையையும் சொன்னார். கதை எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்கு அப்புறம்தான்.

ஐந்து மேசைகள். மேசைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. நடுவில் ஒரு தட்டில் கடலை மிட்டாய். மேடம் கற்பனைப் பெயர்களில் கொடுக்கல் வாங்கல்களைச் சொல்லிக்கொண்டே போனார், குமார் செல்விக்கு 300, செல்வி மணிக்கு 120 என்று. ஐந்து மேசையும் அதையே எழுத வேண்டும். பத்து வரி ஆனதும் பக்கம் முடிந்தது. இப்போது யார் அந்தப் பக்கத்தை மூடி முத்திரை வைப்பது? தாயம் விழும் வரை உருட்டுங்கள், முதலில் தாயம் போடுகிற மேசை முத்திரை வைக்கலாம், அவர்களுக்கு நாலு கடலை மிட்டாய் என்றார். கூடமே கலகலத்துப் போனது. வீராம்பட்டினத்துத் தம்பி மேசைக்கு மூன்றாவது உருட்டிலேயே விழுந்தது, எங்களுக்குப் பதினான்கு முறை உருட்டியும் விழவில்லை.

முத்திரை வைத்த ஒரு பக்கம்தான் ஒரு பிளாக், அந்த உருட்டல்தான் மைனிங். இதைப் பற்றி எங்கே படித்தாலும் "சிக்கலான கணிதப் புதிரை அவிழ்க்கிறார்கள்" என்று எழுதியிருக்கும், நானும் யாரோ பெரிய மூளைக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதில் மூளைக்கு வேலையே இல்லை. தாயம் விழும் வரை உருட்டுவது, அவ்வளவுதான். கணினி ஒரு விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை உருட்டுகிறது, மின்சாரம் அதில்தான் போகிறது. ஆனால் விழுந்த தாயத்தை எல்லாரும் ஒரே பார்வையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடலாம். போடுவது கடினம், சரிபார்ப்பது சுலபம். இந்த ஒரு வாக்கியம் மண்டையில் ஏறினால் ப்ரூஃப் ஆஃப் வொர்க் என்ற சொல் ஏறிவிடும்.

அடுத்த பக்கத்துக்கு எல்லா மேசையும் சீக்கிரம் தாயம் போட ஆரம்பித்தன. உடனே மேடம் விதியை மாற்றினார்: இனி அடுத்தடுத்து இரண்டு தாயம் விழ வேண்டும். பிட்காயினிலும் இதே கதைதான். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வர வேண்டும், அதனால் 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடினத்தைக் கூட்டியோ குறைத்தோ கொள்கிறது. இதற்குப் பெயர் டிஃபிகல்ட்டி. நாலு பக்கம் முடிந்ததும் பரிசு நாலு மிட்டாயிலிருந்து இரண்டானது, அப்புறம் ஒன்றானது. ஹாவிங் என்று செய்தியில் அடிபடுகிற சொல் இதுதான், 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை பரிசு பாதியாகும். 2009இல் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின், 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போவதால்தான் மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது. அதில் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது.

ஒரு சுற்றில் இரண்டு மேசைக்கு ஒரே நேரத்தில் தாயம் விழுந்துவிட்டது. யார் பக்கம் செல்லும் என்று ஒரே சத்தம். மேடம் தடுக்கவில்லை, இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டே ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். எந்தப் பக்கத்தின் மேல் அடுத்த பக்கம் முதலில் சேர்ந்ததோ அது நின்றது, மற்றது கழிந்தது. பணம் வந்துவிட்டது என்று உடனே நம்பாமல் சில கன்ஃபர்மேஷன், அதாவது அதன்மேல் இன்னும் சில பக்கம், வரட்டும் என்று ஏன் காத்திருக்கிறார்கள் என்பது அங்கே புரிந்தது. பிட்காயினில் வழக்கமாக ஆறு என்பார்கள், சுமார் ஒரு மணி நேரம். லாஸ்பேட்டை சார் உடனே, "அம்மா, மூணு மேசையை ஒரே ஆள் கையில எடுத்துக்கிட்டா?" என்று கேட்டார். அதுதான் 51 சதவீதத் தாக்குதல் என்று மேடம் சொன்னதும் சாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

ஹாஷ் என்ற சொல்லுக்குத் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். "கடலூர்" என்று தட்டினார். கீழே 64 எழுத்து ஒன்று வந்தது, பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து. அப்புறம் கடலூருக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளி வைத்தார். 64 எழுத்தும் தலைகீழாக மாறிப்போனது. ஒரு புத்தகம் முழுவதையும் போட்டாலும் அதே 64 எழுத்துதான் வரும், அந்த 64ஐ வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போய் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எங்கள் நோட்டில் இதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த எல்லாத் தொகையையும் கூட்டி வந்த எண்ணை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதச் சொல்லியிருந்தார். பிறகு எங்கள் மேசைக்கு வந்து இரண்டாம் பக்கத்தில் இருந்த 300ஐப் பென்சிலால் 800 ஆக்கினார். கூட்டிப் பார்த்தால் மூன்றாம் பக்கத் தலையில் இருந்த எண் ஒத்துவரவில்லை. சரி, அதையும் திருத்தலாம் என்றால், அந்தத் தலை எண்ணும் கூட்டலில் சேர்ந்திருப்பதால் நாலாம் பக்கம் உதைக்கிறது, அதற்கப்புறம் ஐந்தாம் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி தாயம் போட வேண்டும். அதற்குள் மற்ற நாலு மேசையின் நோட்டு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். பிளாக்செயின் என்பதில் அந்த "செயின்" எங்கே இருக்கிறது என்று நான் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்கு மேடத்தோடு கருத்து வேறுபாடு. பிளாக்செயின் என்பது எல்லாரிடமும் ஒரு பிரதி இருக்கும் பேரேடு என்று அவர் சொன்னார், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், நாள்வழி வேறு, பேரேடு வேறு. வந்தது போனதை வந்த வரிசையிலேயே எழுதுவது நாள்வழி. ஆள்வாரியாகப் பிரித்து, யாருக்கு எவ்வளவு இருப்பு என்று காட்டுவது பேரேடு. பிட்காயினில் உங்கள் இருப்பு இவ்வளவு என்று எங்கேயுமே எழுதி வைக்கப்படவில்லை. உங்களுக்கு வந்து இன்னும் செலவாகாமல் இருக்கும் தொகைகளை வாலட் தேடிக் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்களிடம் 0.5 ஆக வந்த தொகை ஒன்று இருக்கிறது, 0.2 அனுப்ப வேண்டும் என்றால் அந்த 0.5 முழுவதும் செலவாகி, 0.2 அவருக்கும், கட்டணம் போக மீதி சில்லறையாக உங்களுக்கே திரும்பியும் எழுதப்படும். 500 ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை வாங்குவது மாதிரி. ஆகவே பிட்காயின் நாள்வழி. பிற்பகலில் சொல்லித்தந்த இன்னொரு பிளாக்செயினான எத்தீரியம்தான் ஒவ்வொரு முகவரிக்கும் இருப்பு வைத்துக்கொள்கிறது, அதைப் பேரேடு என்று சொல்லலாம். தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னேன். மேடம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அக்கா, அடுத்த பேட்ச்ல இதை நான் இப்படியே சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டார். அப்படிக் கேட்கிற ஆசிரியரை எனக்குப் பிடிக்கும்.

பிற்பகல் எத்தீரியம். 2015 ஜூலை 30 அன்று தொடங்கியது, விட்டாலிக் பியூட்டரின் என்ற இளைஞரின் யோசனை. பணம் அனுப்புவதோடு நிற்காமல், நிபந்தனை நிறைவேறினால் தானாக நடந்துவிடும் சின்ன நிரல்களையும் அதில் ஓட்டலாம், அவைதான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். பெயரில் கான்ட்ராக்ட் என்று இருப்பதால் பத்திரம், கையெழுத்து, நீதிமன்றம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். எழுதியபடி ஓடும் நிரல், தப்பாக எழுதினால் தப்பாகவே ஓடும். காயினுக்கும் டோக்கனுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் வந்தது. தனக்கென்று சொந்தச் சங்கிலி வைத்திருப்பது காயின், அடுத்தவர் சங்கிலியில் குடியிருப்பது டோக்கன். எத்தீரியத்தில் யார் வேண்டுமானாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு டோக்கன் உருவாக்கி அதற்கு விருப்பப்பட்ட பெயர் வைக்கலாம் என்பதை மேடம் அழுத்திச் சொன்னார்.

கேஸ் என்பது அந்தச் சங்கிலியில் எந்த வேலை நடந்தாலும் கொடுக்க வேண்டிய கூலி. அதை எத்தீரியத்தின் சொந்தக் காயினான ஈதரில்தான் கட்ட வேண்டும், அளவு க்வேயில் சொல்வார்கள், 100 கோடி க்வே சேர்ந்தால் ஒரு ஈதர். வேலை பாதியில் தோற்றாலும் செலவான கேஸ் திரும்ப வராது. உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார், தன்னிடம் ஏதோ டோக்கன் இருக்கிறது, நகர்த்தக் கையில் துளி ஈதர் இல்லாததால் ஆறு மாதமாக அங்கேயே கிடக்கிறது என்று. நான் கேட்டது வேறு. "மேடம், கேஸ் கட்டணத்தை யாராவது ஜிபேயில் அனுப்பச் சொல்வார்களா?" அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல அக்கா. அது உங்க வாலட்லேர்ந்து தானா கழியும். தனி ஆளுக்கு யாரும் அனுப்ப மாட்டாங்க." சித்தப்பாவின் 12,000 எங்கே போனது என்று அந்த நிமிடம் தெரிந்துவிட்டது.

அப்புறம் ஸ்டேக்கிங். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டது, மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இப்போது பக்கத்துக்கு முத்திரை வைக்க விரும்புகிறவர் 32 ஈதரை ஈடாகக் கட்ட வேண்டும். ஒழுங்காக முத்திரை வைத்தால் சின்ன வருமானம், ஏமாற்றினால் ஈட்டிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஸ்லாஷிங். 32 ஈதர் இல்லாதவர்கள் சேர்ந்தும் போடலாம். வருமானம் ஆண்டுக்குச் சில சதவீதம், ஒற்றை இலக்கத்தில். ஆண்டுக்கு! சித்தப்பாவிடம் சொன்னது தினம் ஒரு சதவீதம், கூட்டு வட்டி இல்லாமலேயே வருடத்துக்கு 365 சதவீதம். நேர்மையான ஒரு பொருள் உள்ள சொல் அது. அதைத் திருடி, பொருள் தெரியாத ஒரு பெரியவரின் முன்னால் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே முடியவில்லை, எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் மாடிப்படியில் நின்றுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாலட். பர்ஸ் என்று மொழிபெயர்ப்பதால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாலட்டுக்குள் காயின் எதுவும் கிடையாது. காயின் எல்லாம் சங்கிலியில் எழுதப்பட்ட வரிகள். வாலட்டில் இருப்பது அந்த வரியை நகர்த்தும் சாவி மட்டும், அதாவது அது சாவிக்கொத்து. பப்ளிக் முகவரியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பிரைவேட் கீயைப் பெற்ற பிள்ளைக்கும் காட்டக்கூடாது. அந்தச் சாவியை மீட்க உதவுவது 12 அல்லது 24 சொற்கள் கொண்ட சீட் ஃப்ரேஸ். நம் ஊரில் சீட்டு என்றால் வேறு, அதனால் இரண்டு பேர் சீட்டுப் பணம் என்று நினைத்துக் குழம்பினார்கள். இது விதை என்ற பொருளில் வரும் சீட். 2,048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியல் ஒன்று இருக்கிறது, ஆங்கிலப் பட்டியலில் முதல் சொல் அபாண்டன், கடைசி சொல் ஸூ. அதிலிருந்துதான் வாலட் உங்களுக்குச் சொற்களைத் தேர்ந்து தரும், வரிசை மாறக்கூடாது, நாமாக நமக்குப் பிடித்த 12ஐப் போட முடியாது, ஏனென்றால் கடைசிச் சொல்லுக்குள் சரிபார்ப்பும் அடங்கியிருக்கிறது.

பயிற்சிக்காக ஒரு காலி வாலட்டைத் திறந்து 12 சொற்களை எழுதச் சொன்னார்கள். லாஸ்பேட்டை சார் அழகான கையெழுத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார். மேடம் குனிந்து பார்த்து, "சார், இதுல 'கேட்'னு எழுதியிருக்கீங்களே, பூனையா, வாசலா?" என்றார். சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் அவருக்கே நினைவிருக்காது. தமிழில் அப்படி ஒரு பட்டியல் இல்லாத வரைக்கும் அந்த 12 சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில், காகிதத்தில், பேனாவால் எழுதி வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வதும் கூடவே கூடாது. இந்தக் காலை நேர வகுப்புக்கு மட்டுமே 1,500 கொடுக்கலாம்.

இதே வேளையில் பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒன்றையும் காட்டினார்கள். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிரிப்டோ என்றால் ரகசியம் என்று முதல் நாள் மேடம் போகிறபோக்கில் சொன்னதை நான் ஏற்கவில்லை, இங்கே அவரே திருத்திக்கொண்டார்: பெயர் தெரியாது, நடமாட்டம் எல்லாம் தெரியும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 64 எழுத்து ஹாஷ் உண்டு, அதைப் போட்டால் எந்தப் பிளாக்கில் இருக்கிறது என்று காட்டிவிடும். சித்தப்பாவின் போனில் எடுத்து வைத்திருந்த ஆப்பின் படங்கள் என்னிடம் இருந்தன. "டிரான்சாக்‌ஷன் ஐடி" என்று போட்டிருந்ததை எண்ணிப் பார்த்தேன். 11 இலக்கம். மேடத்திடம் காட்டினேன். எதிலும் தேட வேண்டிய அவசியமே இல்லை அக்கா, இது எந்தச் சங்கிலியிலும் ஏறவே இல்லை என்றார். பணம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது, திரையில் ஏறிய எண்கள் வெறும் எண்கள். சித்தப்பா கட்டியது கிரிப்டோவே இல்லை. விலை இறங்கிப் பணம் போய்விட்டது என்று இத்தனை நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார் அவர்.

இரண்டாம் நாள் பிற்பகல்தான் எனக்குக் குறை. காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச், விலை ஒரு டாலரிலேயே நிற்கும் என்று சொல்லி வெளியிடும் ஸ்டேபிள்காயின், வரி, சந்தைப் பேச்சு எல்லாவற்றையும் இரண்டரை மணி நேரத்தில் திணித்துவிட்டார்கள். ஹோடல் என்பது 2013 டிசம்பரில் ஒருவர் 'ஹோல்ட்' என்பதைப் பிழையாகத் தட்டியதால் நிலைத்த சொல், திமிங்கலம் என்றால் பெரிய அளவில் வைத்திருப்பவர், ரக் புல் என்றால் டோக்கன் செய்தவர்களே பணத்தை உருவிக்கொண்டு ஓடுவது, இவற்றுக்கெல்லாம் அந்த வேகம் போதும். ஆனால் ஸ்டேபிள்காயினுக்குப் போதாது. ஒன்று ஒரு டாலர் என்று சொல்வதாலேயே அது டாலர் ஆகிவிடாது. டெதர், யுஎஸ்டிசி போன்றவை கையிருப்பை வைத்துக்கொண்டு வெளியிடப்படுகின்றன, டெர்ராயுஎஸ்டி வெறும் நிரல் ஏற்பாட்டில் நின்றது, 2022 மே மாதம் சில நாட்களில் சரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் விட்டு வைக்கும் காயினுக்குச் சாவி அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. சங்கிலியை உடைக்க முடியாது என்பது ஒரு விஷயம், சாவி வைத்திருக்கிறவர் வீட்டில் திருட்டுப் போவது வேறு விஷயம். 2014இல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பரில் திவாலான எஃப்டிஎக்ஸ், 2024 ஜூலை 18 அன்று நம் நாட்டு வஸீர்எக்ஸிலிருந்து களவு போன சுமார் 23 கோடி டாலர், மூன்றையும் மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

வரிக்கு 15 நிமிடம்! கணக்கு எழுதுகிறவளாக இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டத்தில் இதற்குப் பெயர் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு காயினில் 40,000 லாபம், இன்னொன்றில் 50,000 நட்டம் என்று வையுங்கள், கையில் 10,000 போய்விட்டது, ஆனாலும் 40,000க்கு 12,000 வரியும் 480 செஸும் கட்டியே ஆக வேண்டும். இந்தக் கணக்கை நான்தான் எழுந்து போய்க் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், மேடம் சந்தோஷமாகவே சாக்பீஸைக் கொடுத்தார். இதைக் கேட்டதும் வீராம்பட்டினத்துத் தம்பி சத்தமே இல்லாமல் போனை எடுத்து ஏதோ கணக்குப் பார்க்க ஆரம்பித்தான்.

வரி போடுகிறார்களே, அப்படியானால் அரசு அனுமதித்த பணம்தானே என்று ஒருவர் கேட்டார். இல்லை. வங்கிகள் இதைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அதை ரத்து செய்தது, ஆனால் கடையில் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டிய பணமாக யாரும் இதை அறிவிக்கவில்லை. 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்குச் சோதனை முறையில் வந்த டிஜிட்டல் ரூபாய் ரிசர்வ் வங்கியே வெளியிடுவது, அது வேறு. இங்கே தொழில் செய்யும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் போடும் முன் அதை ஒருமுறை பாருங்கள். ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், நாள் கடந்தால் பணம் பல கணக்கு தாண்டிப் போய்விடும், சித்தப்பா ஐந்து வாரம் கழித்துத்தான் பேசினார்.

மற்ற வசதிகள்: மின்விசிறிதான், ஏசி இல்லை. 11 மணிக்கும் 4 மணிக்கும் டீயும் வடையும் தருகிறார்கள், மதியச் சாப்பாடு நம் பொறுப்பு, பக்கத்திலேயே நிறைய இடம் இருக்கிறது. கொடுத்த குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன, தமிழில் இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் தமிழில் அச்சடித்துத் தர வேண்டும், அதை எழுத்திலும் கொடுத்துவிட்டு வந்தேன். வரிக்கும் ஸ்டேபிள்காயினுக்குமாக மூன்றாவது நாள் ஒன்று வைத்து 500 கூடுதலாக வாங்கினாலும் தப்பில்லை.

கடலூரிலிருந்து வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் எட்டரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள், பத்து என்றால் பத்துக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அரியாங்குப்பத்திலிருந்தே நெரிசலும் இருக்கும். அடுத்த தொகுப்புக்கு இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று சித்திக்கு, ஒன்று சித்தப்பாவுக்கு. அவர் முதலில் வரமாட்டேன் என்றார். தாயக்கட்டை உருட்ட வேண்டும் என்று சொன்ன பிறகு, என்றைக்கு என்று கேட்டார்.